கிளீன்ரூம் (தூசி வடிகட்டிய ஆய்வறை) இல்லாத கல்லூரியிலிருந்து தின் ஃபிலிம் (மிக மெல்லிய பூச்சு) டிவைஸ் வரை: புதிதாக ஆய்வுக்கு வருபவர்களுக்கு

தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத் துறையிலோ அதோடு இணைந்த கல்லூரியிலோ இயற்பியல், வேதியியல், மெட்டீரியல் சயின்ஸ் ஏதாவது ஒன்றில் பிஎச்.டி.க்குப் பதிவு செய்திருக்கிறீர்கள். "புது ஆக்சைடு ஃபிலிம் போட்டு, அதில் ஒரு கேஸ் சென்சாரோ போட்டோடிடெக்டரோ மெமரி டிவைஸோ செய்" என்று கைடு சொல்லியிருக்கிறார். துறையில் இருப்பது ஒரு ஸ்பின் கோட்டர் (கரைசலைச் சுழற்றிப் பூசும் கருவி), ஒரு ஃபர்னஸ், ஒரு யுவி-விஸ் (ஒளி உறிஞ்சலை அளப்பது). கொடுத்துவைத்தவர் என்றால் எக்ஸ்ஆர்டியும் (எக்ஸ்-கதிரால் படிக அமைப்பைப் பார்ப்பது) உண்டு. உங்களுக்காகத்தான் இது. ஐஐடி உள்ளேயே படிப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

ஃபிலிம் போடுவது ஒரு நாள் வேலை. அதைச் சுற்றியிருக்கும் கடிதம், கொட்டேஷன், ஸ்லாட், பில் எல்லாம் மாதக்கணக்கு. யுஜிசியின் 2022 விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. அந்தக் கணக்கில் காத்திருப்பு எவ்வளவு தின்னும் என்பதை யாரும் முதல் வாரத்தில் சொல்வதில்லை. அதனால் கீழே உள்ள படிகளைப் பாடப்புத்தக வரிசையில் எழுதவில்லை; எது மெதுவாக நகருமோ அதை முன்னால் வைத்திருக்கிறேன்.

1. பொருளை முடிவு செய்யுங்கள், ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம்

கணினியில் கணக்கிட்ட பொருள்களின் தரவுத்தளமான மெட்டீரியல்ஸ் புராஜெக்ட் தளத்தில் இலவசமாகக் கணக்குத் தொடங்கலாம். நீங்கள் யோசிக்கும் தனிமங்களைப் போட்டுத் தேடினால் கணக்கிட்ட படிக அமைப்பு, பேண்ட் கேப் (எந்த ஆற்றலுக்கு மேல் ஒளியை உறிஞ்சும் என்பதைச் சொல்லும் எண்), நிலைத்தன்மை எல்லாம் வரும். அங்கே "ஹல்லுக்கு மேல் ஆற்றல்" என்றொரு எண் இருக்கும். பூஜ்யம் என்றால் அந்தச் சேர்மம் கணக்குப்படி நிலையானது. அணு ஒன்றுக்கு 50 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் இருந்தால் முயற்சி செய்து பார்க்கலாம் என்பது பலரும் வைத்திருக்கும் தோராய அளவுகோல். 200, 300 என்று போனால் அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

அங்குள்ள பேண்ட் கேப் எண்ணை அப்படியே நம்பி டிவைஸ் திட்டம் போடாதீர்கள். அந்தத் தளம் பயன்படுத்தும் சாதாரண டிஎஃப்டி (குவாண்டம் இயற்பியல் வழிக் கணினிக் கணக்கு) கேப்பைக் குறைத்தே காட்டும். ஜிங்க் ஆக்சைடுக்கு அளந்த மதிப்பு சுமார் 3.3 எலக்ட்ரான் வோல்ட். அந்தக் கணக்கில் 0.7, 0.8 என்று வரும். "இது காணும் ஒளியை உறிஞ்சும்" என்று சினாப்சிஸில் எழுதிவிட்டுப் பிறகு கண்ணாடி மாதிரி தெளிவான ஃபிலிமைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க நேரும்.

இன்னொன்று, "புதுப் பொருள்" என்ற சொல்லைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள். 2023-இல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில் தானியங்கி ரோபோ ஆய்வகம் ஒன்று, 58 இலக்குகளில் 41 புதுச் சேர்மங்களைச் செய்ததாக அறிவித்தது. எக்ஸ்ஆர்டி தரவை மறுபடி அலசிய வேதியியலாளர்கள், அவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே தெரிந்த சேர்மங்களில் அணுக்கள் இடம் கலந்திருக்கும் வடிவங்களே என்று அடுத்த ஆண்டே எழுதினார்கள். அத்தனை வசதி இருந்தவர்களுக்கே அந்த நிலை. ஏற்கெனவே தெரிந்த படிக அமைப்புகளைத் தொகுத்திருக்கும் ஐசிஎஸ்டி தரவுத்தளத்துக்குக் காசு கட்ட வேண்டும்; உங்கள் பல்கலைக்கழகத்தில் இல்லையென்றால் கிரிஸ்டலோகிராஃபி ஓப்பன் டேட்டாபேஸ் இலவசம். இரண்டில் ஒன்றில் தேடாமல் புதுசு என்று சொல்லாதீர்கள்.

கட்டுரைகள் கிடைக்கவில்லை என்பவர்களுக்கு: 2025 ஜனவரி முதல் "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்தில் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கான இதழ்கள் திறந்திருக்கின்றன. உங்கள் நூலகர் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். செய்யாமலே இருக்கும் இடங்களும் உண்டு. சுயநிதிக் கல்லூரிகள் இதில் வரவில்லை. அப்படியானால் கட்டுரை ஆசிரியருக்கு நேரடியாக மெயில் போட்டுக் கேளுங்கள், பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள்.

2. எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று இப்போதே பட்டியல் போடுங்கள்

ஃபிலிம் வந்த பிறகு கருவி தேடுவது பெரும்பாலானவர்கள் செய்வது. தேடி முடிப்பதற்குள் ஃபிலிம் ஈரம் குடித்துவிடும்.

*ஐ-ஸ்டெம்.* மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகத்தின் ஆதரவில் நடக்கும் தேசிய போர்ட்டல். கருவியின் பெயரைப் போட்டால் நாட்டில் எந்த நிறுவனத்தில் இருக்கிறது, கட்டணம் என்ன, எப்படி முன்பதிவு செய்வது என்று வரும். பதிவு செய்ய நிறுவன மெயில் முகவரியே நல்லது. ஜிமெயிலில் போட்டால் சரிபார்ப்பு இழுக்கும். உங்கள் கல்லூரியில் மாணவர்களுக்கு நிறுவன மெயில் கிடையாதென்றால் முதல் வேலையாக அதைக் கேட்டு வாங்குங்கள், இனி எல்லாவற்றுக்கும் வேண்டும்.

*சைஃப் மையங்கள்.* மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆதரவில் நடக்கும் கருவி மையங்கள். சென்னையில் ஐஐடி மெட்ராஸில் ஒன்று. சாம்பிளை அனுப்பினால் அவர்களே அளந்து தருவார்கள். கருவிக்கு ஒரு படிவம், அதில் கைடு கையெழுத்து, துறை முத்திரை. காரைக்குடி சிக்ரியிலும் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) வெளியாட்களுக்குக் கருவி வசதி உண்டு. தென் மாவட்டத்துக்காரர்கள் சென்னைக்கு ஓடுவதற்கு முன் அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

*ஐஎன்யுபி.* கல்லூரிக்காரர்களுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு இதுதான், தெரிந்தவர்கள்தான் குறைவு. வெளியாட்களுக்கு நானோ மின்னணு ஆய்வகங்களைத் திறந்துவிடும், மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் திட்டம். முதலில் பெங்களூரு ஐஐஎஸ்சி, ஐஐடி பம்பாய் என்று இரண்டு மையங்களோடு இருந்தது. இப்போது ஐஎன்யுபி-ஐ2ஐ என்ற பெயரில் ஐஐடி மெட்ராஸ், டெல்லி, கரக்பூர், கௌஹாத்தி ஆகியவையும் சேர்ந்து ஆறு மையங்கள். லித்தோகிராஃபி (நுண்ணிய வடிவம் வரைவது), ஸ்பட்டரிங் (அயனியால் மோதிப் பெயர்த்துப் பூசுவது), இ-பீம், ஏஎல்டி (அணு அடுக்கு அடுக்காகப் பூசுவது) என்று நீங்கள் கட்டுரைகளில் மட்டும் பார்த்திருக்கும் கருவிகளில் உங்கள் டிவைஸைச் செய்ய வழி திறந்திருக்கிறது.

இதில் படிக்கட்டு வரிசை உண்டு. அறிமுகப் பயிலரங்கு, பிறகு கையால் செய்து பழகும் பயிற்சி, பிறகு ஆய்வு முன்மொழிவு. நேராக முன்மொழிவு அனுப்பலாம்தான். ஆனால் பயிலரங்குக்குப் போய்வந்தவருடைய முன்மொழிவில் "இந்தக் கருவியில், இந்த வெப்பநிலையில், இத்தனை நானோமீட்டர்" என்ற தெளிவு இருக்கும். அது இல்லாதவை திரும்பி வருகின்றன. அறிமுகப் பயிலரங்குக்கு முதலாண்டிலேயே விண்ணப்பியுங்கள். கையில் முடிவு எதுவும் இல்லையே என்று தயங்க வேண்டாம், அங்கே முடிவு கேட்பதில்லை. பயணம், தங்குமிடம் பற்றிய விதி ஒவ்வொரு அழைப்பிலும் எழுதியிருக்கும். ரயில் டிக்கெட் போடுமுன் அதைப் படியுங்கள்.

கல்பாக்கம் போன்ற அணுசக்தித் துறை வளாகங்களில் அளக்கப் போகிறீர்கள் என்றால் நுழைவு அனுமதிக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். அடையாள அட்டை, கடிதம், கொண்டுபோகும் லேப்டாப் விவரம் எல்லாம் முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வாசலில் நின்று போன் போட்டு நடக்கிற காரியம் இல்லை.

3. ஒரு ஃபைல் போடுங்கள்: காகிதங்கள்

கீழே உள்ளவற்றை ஸ்கேன் செய்து ஒரே ஃபோல்டரில் வைத்துவிட்டால் பாதிப் படிவங்கள் அரை மணி நேரத்தில் முடியும்.

- பிஎச்.டி. பதிவு ஆணை. தற்காலிகப் பதிவு ஆணையே போதும் என்கிற இடங்கள்தான் அதிகம்.
- இந்தக் கல்வியாண்டு தேதியிட்ட போனஃபைடு. மாணவர் கட்டணம் கிடைப்பது இதைப் பொறுத்தது. போன வருடத்து போனஃபைடைக் கொடுத்தால் வெளியார் கட்டணம் போட்டுவிடுவார்கள்.
- கைடு பரிந்துரைத்து, துறைத் தலைவர் அல்லது முதல்வர் வழியாகப் போகும் கடிதம், லெட்டர்ஹெட்டில். தேதியும் கருவிப் பெயரும் மட்டும் மாற்றுகிற மாதிரி ஒரு வரைவு வைத்துக்கொள்ளுங்கள்.
- கல்லூரியின் ஜிஎஸ்டி எண். இல்லையென்றால் "பதிவு செய்யப்படவில்லை" என்ற கடிதம்.
- நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு ரசாயனத்துக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள். விற்றவர் தளத்திலேயே கிடைக்கும்.
- சாம்பிள் பட்டியல்: பெயர், அடியில் என்ன சப்ஸ்ட்ரேட், மேலே என்னென்ன அடுக்கு, ஒவ்வொன்றின் தடிமன், நச்சா, காந்தத்தன்மை உண்டா, ஈரத்தில் கெடுமா.
- செயல்முறைத் தாள்: எந்தப் படி எங்கே, எந்தக் கருவியில், எந்த வெப்பநிலையில். ஐஎன்யுபி போன்ற இடங்களில் இதுதான் உண்மையான விண்ணப்பம்.

கடைசி இரண்டையும் கருவிப் பொறுப்பாளர் வரிக்கு வரி படிப்பார். சிலிக்கான் வேலைக்கென்று வைத்திருக்கும் ஃபர்னஸில் தங்கமும் தாமிரமும் உள்ளே போகக் கூடாது. சல்பர், செலினியம், லெட் ஹாலைடு மாதிரி எளிதில் ஆவியாகும் பொருள்களை நல்ல ஸ்பட்டர் சேம்பரில் விடமாட்டார்கள். காந்தப் பவுடர் என்றால் செம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) கருவியின் லென்ஸ் பக்கம் அண்டவிடமாட்டார்கள். "அனுமதிப்பார்களா" என்று சந்தேகமிருந்தால் படிவம் அனுப்புமுன் ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள். மறைத்து எழுதினால் சேம்பர் கெட்டதும் முதலில் உங்கள் பெயர்தான் வரும். அப்புறம் உங்கள் கல்லூரிக்காரர் யாருமே அங்கே போக முடியாது.

பில் யார் பெயரில் வருகிறது என்பதைப் பணம் கட்டுமுன் பாருங்கள். உங்கள் ஜிபே கணக்கிலிருந்து கட்டி, உங்கள் பெயரில் பில் வந்தால், பல கல்லூரிகளின் கணக்குப் பிரிவு அதைத் திருப்பித் தராது. நிறுவனத்தின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் போட்ட பில் வேண்டுமென்று முதலிலேயே கேளுங்கள். பில் போட்ட பிறகு திருத்துவது பெரும் அலைச்சல்.

4. பணம் எங்கே போகும்

யுஜிசி ஜேஆர்எஃப் (ஆய்வு உதவித்தொகை) என்றால் அறிவியல் பிரிவுக்கு முதல் இரண்டாண்டு கண்டின்ஜென்சி (ஆய்வுக்கான இதரச் செலவுத் தொகை) ஆண்டுக்கு ₹12,000. உதவித்தொகையே இல்லாதவர்களுக்கு அதுவும் இல்லை. இந்தத் தொகையை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எக்ஸ்ஆர்டி, யுவி-விஸ், சாதாரண செம் எல்லாம் சாம்பிளுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை. எக்ஸ்பிஎஸ் (மேற்பரப்பில் என்ன தனிமம், எந்த நிலையில் என்று பார்ப்பது) சில ஆயிரம். டிவைஸைக் குறுக்கே வெட்டி டெம் (ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி) பார்க்க வேண்டுமென்றால் ஐந்திலக்கம். இதற்கு மேல் பெரும்பாலும் 18% ஜிஎஸ்டி. இணையதளத்தில் போட்டிருக்கும் விலையில் வரி சேர்ந்திருக்காது, பட்ஜெட்டில் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மணிக்கணக்கில் வாங்கும் கருவிகளில் வேக்கூம் இறங்கும் நேரமும் உங்கள் கணக்கில்தான் ஓடும். ஆகவே ஒரே தடவையில் எத்தனை சாம்பிள் ஏற்ற முடியும் என்று கேட்டு, அத்தனையையும் தயாராக வைத்துக்கொண்டு ஸ்லாட் எடுங்கள்.

யாரும் கணக்கில் சேர்க்காத செலவு, மேல் எலெக்ட்ரோட். எல்லாக் கட்டுரையிலும் "100 நானோமீட்டர் தங்கம்" என்று எழுதியிருப்பார்கள். ஒரு சதுர செ.மீ. பரப்பில் அந்தத் தடிமனுக்கு 0.2 மில்லிகிராம் தங்கம்கூட ஆகாது. ஆனால் தெர்மல் எவாப்பரேட்டரில் (உலோகத்தைச் சூடாக்கி ஆவியாக்கிப் பூசும் கருவி) தங்கம் உங்கள் சாம்பிளை மட்டும் பார்த்துப் போகாது, சேம்பர் சுவர் முழுக்கப் பூசும். தங்கத்தை வைத்துச் சூடாக்கும் உலோகக் கிண்ணத்துக்கும் சாம்பிளுக்கும் 20 செ.மீ. இடைவெளி இருந்தால் ஒரு தடவைக்குக் கால் கிராம் அளவுக்கு ஆகிவிடும். கிராம் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்ட காலத்தில் ஒரு ரன்னுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல். ஆராய்ந்து பார்க்கும் கட்டத்தில் அலுமினியமோ வெள்ளியோ போதும். கடைசிச் சுற்றுக்கு மட்டும் தங்கம். அதையும் நண்பர்கள் நாலு பேர் சாம்பிளைச் சேர்த்து ஒரே ரன்னில் போட்டுப் பங்கு பிரியுங்கள். அடியில் 5 நானோமீட்டர் குரோமியமோ டைட்டானியமோ இல்லாவிட்டால் கண்ணாடியில் தங்கம் நிற்காது, புரோப் ஊசி பட்டதும் உரிந்துவரும்.

வாங்கும் முறை: அரசு நிறுவனம் என்றால் முதலில் ஜெம் (அரசுக் கொள்முதல்) போர்ட்டலில் பொருள் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் இல்லை என்பதற்கு அங்கிருந்தே அறிக்கை எடுத்து ஃபைலில் வைப்பது வழக்கம்; ஆராய்ச்சிப் பொருள்களுக்கு இந்த விதி 2025-இல் தளர்த்தப்பட்டது, உங்கள் இடத்தில் எப்படி என்று கேளுங்கள். ஒரே கம்பெனிதான் தயாரிக்கிறது என்றால் அதற்குத் தனிச் சான்று. எத்தனை ரூபாய் வரை கொட்டேஷன் வேண்டாம் என்ற வரம்பு இடத்துக்கு இடம் மாறும், அவ்வப்போது திருத்தவும் செய்கிறார்கள். பழைய சீனியர் சொன்னதை நம்பாமல் பர்ச்சேஸ் பிரிவில் நேரில் கேளுங்கள். இன்னொரு பழைய நம்பிக்கை, "ஆராய்ச்சிக் கருவிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான்" என்பது. அந்தச் சலுகை 2022 ஜூலையோடு போய்விட்டது.

ஸ்பட்டர் டார்கெட் (ஸ்பட்டரிங்கில் பெயர்த்துப் பூசப்படும் வட்டத் தகடு) வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. அதைப் பொருத்தும் உங்கள் கன் 2 இஞ்ச் என்றால் அது 50.8 மி.மீ. கொட்டேஷனில் 50 மி.மீ. என்றிருந்தால் விட்டுவிடாதீர்கள், வளையம் பிடிக்குமா என்று ஆபரேட்டரிடம் கேளுங்கள். செராமிக் டார்கெட் என்றால் தாமிரத் தட்டில் ஒட்டியே வாங்குங்கள். தனியாக வாங்கி, சூடேறி நடுவில் விரிசல் விட்ட டார்கெட்டுகள் எல்லா லேபிலும் ஒரு அலமாரி நிறைய இருக்கும்.

5. சப்ஸ்ட்ரேட்

சப்ஸ்ட்ரேட் என்பது ஃபிலிம் போடும் அடித்தட்டு. மின்சாரம் கடத்தும் பூச்சுள்ள கண்ணாடிகளில் ஐடிஓவா (இண்டியம் டின் ஆக்சைடு) எஃப்டிஓவா (ஃபுளோரின் கலந்த டின் ஆக்சைடு) என்பதை விலை பார்த்து முடிவு செய்யாதீர்கள், உங்கள் ஃபர்னஸ் வெப்பநிலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். காற்றில் 300, 350 டிகிரிக்கு மேல் போனால் ஐடிஓவின் மின்தடை ஏறிவிடும். எஃப்டிஓ 500 வரை தாங்கும். அதற்கும் மேல் போனால் அடியிலிருக்கும் சோடா-லைம் கண்ணாடியே வளையத் தொடங்கும், அதிலுள்ள சோடியம் உங்கள் ஃபிலிமுக்குள் ஏறும். 600, 700 டிகிரி வேண்டுமென்றால் குவார்ட்ஸோ ஆக்சைடு வளர்த்த சிலிக்கான் வேஃபரோ வாங்குங்கள்.

எஃப்டிஓ என்பதே டின் ஆக்சைடுதான். நீங்களும் டின் ஆக்சைடு ஃபிலிமை எஃப்டிஓ மேல் போட்டு எக்ஸ்ஆர்டி எடுத்தால் 26.6, 33.9, 51.8 டிகிரியில் அழகான பீக்குகள் வரும். அத்தனையும் அடியிலிருப்பதிலிருந்து வந்தவையாக இருக்கலாம். ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் ஒரு வெறும் கண்ணாடித் துண்டு, முடிந்தால் ஒரு சிலிக்கான் துண்டு வைத்துச் சேர்த்தே பூசுங்கள். ஃபிலிமின் மின்தடையையும் அந்த வெறும் கண்ணாடியில்தான் அளக்க முடியும். எஃப்டிஓ மேல் ஃபோர்-புரோப் (நான்கு ஊசி வைத்து மின்தடை அளக்கும் கருவி) வைத்தால் எஃப்டிஓவைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

கழுவும் வரிசை: சோப்புக் கரைசல், டீ-அயனைஸ்டு தண்ணீர், அசிட்டோன், ஐசோபுரோப்பனால், ஒவ்வொன்றிலும் சொனிக்கேட்டரில் 10 முதல் 15 நிமிடம். அசிட்டோனிலிருந்து எடுத்ததும் காயவிடாமல் உடனே அடுத்ததில் போடுங்கள், காய்ந்தால் கறை அப்படியே நிற்கும். நைட்ரஜனால் ஊதிக் காயவையுங்கள். கடத்தும் பக்கம் எது என்று மல்ட்டிமீட்டரில் பார்த்து, பின்பக்க மூலையில் டயமண்ட் ஸ்கிரைபரால் சிறு கீறல் போட்டு எண் எழுதுங்கள். மார்க்கர் பேனா முதல் அசிட்டோனிலேயே போய்விடும். பிரான்யா கரைசல் (சல்ஃபியூரிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்தது) பயன்படுத்தும் லேப் என்றால் அதன் பக்கம் அசிட்டோன் பாட்டில் இருக்கவே கூடாது, கழிவை மூடி போட்டு அடைக்கவும் கூடாது. வெடிக்கும்.

6. பூசிய கையோடு, காசில்லாத சோதனைகள்

ஸ்பின் கோட்டிங் ரெசிபி கட்டுரைகளில் கிடைக்கும், அதை நான் திருப்பி எழுதவில்லை. இரண்டு மட்டும். கரைசலைச் சிரிஞ்ச் ஃபில்டரில் வடிக்கும்போது அதில் டிஎம்எஃப், டிஎம்எஸ்ஓ போன்ற கரைப்பான் இருந்தால் பிடிஎஃப்இ ஃபில்டர்தான். பிவிடிஎஃப் அதில் கரைந்து உங்கள் ஃபிலிமுக்குள்ளேயே வந்துவிடும். அடுத்தது, அறையின் ஈரப்பதத்தைத் தினமும் நோட்டில் எழுதுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னைப் பக்கம் மழைக்காலத்தில் போட்ட சோல்-ஜெல் (கரைசலிலிருந்து வளர்க்கும்) ஃபிலிமும் ஏப்ரலில் போட்டதும் ஒன்றாக இருக்காது. எழுதி வைத்தால்தான் காரணம் தெரியும்.

வெளியே காசு கட்டி அனுப்புமுன் இந்த வரிசையில் வடிகட்டுங்கள்: ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நிறம் சீராக இருக்கிறதா, மைக்ராஸ்கோப்பில் ஊசித்துளை, வெடிப்பு இருக்கிறதா, செலோ டேப் ஒட்டி உரித்தால் ஃபிலிம் வருகிறதா, யுவி-விஸ்ஸில் விளிம்பு எதிர்பார்த்த இடத்தில் இருக்கிறதா, எக்ஸ்ஆர்டி சரியா. இதில் எதிலாவது தோற்ற சாம்பிளுக்கு எக்ஸ்பிஎஸ் எடுப்பது தண்டச் செலவு.

ஃபோர்-புரோப்பில் 4.532 என்ற பெருக்கெண் எல்லோருக்கும் மனப்பாடம். அது ஊசி இடைவெளியை விடப் பல மடங்கு பெரிய சாம்பிளுக்குத்தான். 1 செ.மீ. துண்டில் 2 மி.மீ. இடைவெளிப் புரோப்பை வைத்து அந்த எண்ணால் பெருக்கினால் 20 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக வரும். திருத்த அட்டவணை இருக்கிறது, அதைப் பாருங்கள்.

7. வெளியே அனுப்பும் சாம்பிள்

ஒரே ரன்னில் போட்ட ஆறேழு துண்டுகளை எடுத்து ஒன்றை எக்ஸ்ஆர்டிக்கு, ஒன்றை எக்ஸ்பிஎஸ்ஸுக்கு என்று பிரியுங்கள். ஒன்றைத் தொடாமல் டெசிகேட்டரில் (ஈரம் புகாத பாத்திரம்) வையுங்கள். ரிவ்யூவர் ஆறு மாதம் கழித்துக் கேட்கும் கேள்விக்கு அதுதான் பதில். எக்ஸ்பிஎஸ்ஸுக்கு 5 மி.மீ.க்கு 5 மி.மீ. போதும், கையுறை இல்லாமல் தொடக் கூடாது. பிளாஸ்டிக் ஜிப் கவரில் நேரடியாகப் போட்டால் அதிலுள்ள சிலிக்கோனும் கார்பனும் முதலில் தெரியும். ஜெல் பாக்ஸோ, சுத்தமான அலுமினியத் தாளோ சரி.

எக்ஸ்ஆர்டி மெல்லிய ஃபிலிமுக்கு என்றால் படிவத்தில் "கிரேசிங் இன்சிடென்ஸ்" (கதிரை மிகச் சாய்வாகப் படவிடும் முறை) என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் பவுடருக்கு எடுப்பதுபோல எடுத்து, 20 முதல் 35 டிகிரி வரை கண்ணாடியின் அகன்ற மேட்டை மட்டும் அனுப்பிவைப்பார்கள். சில சதவீத அளவில் கலந்திருக்கும் இரண்டாம் பொருளை எக்ஸ்ஆர்டி தவறவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். 2023-இல் அறைவெப்ப மீகடத்தி என்று உலகமே பேசிய எல்கே-99இல், மின்தடை சட்டென்று விழுந்ததற்குக் கலப்பாக இருந்த தாமிர சல்ஃபைடே காரணம் என்று பிறகு காட்டினார்கள்.

முடிவு பிடிஎஃப் படமாக வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள், மூலத் தரவுக் கோப்பைக் கேளுங்கள். பல மையங்களில் சில மாதம் கழித்து அழித்துவிடுவார்கள். எக்ஸ்பிஎஸ்ஸில் கார்பன் பீக்கை 284.8 எலக்ட்ரான் வோல்ட்டில் வைத்துத் திருத்தினார்களா, திருத்தாமல் கொடுத்தார்களா என்பதையும் எழுதி வாங்குங்கள்.

8. டிவைஸ்

மேல் எலெக்ட்ரோட் சிறியதாக இருக்கட்டும். 100 முதல் 500 மைக்ரான் புள்ளிகள் உள்ள ஷேடோ மாஸ்க் (துளை வழியாக மட்டும் உலோகம் படியவிடும் தகடு) உள்ளூரில் லேசர் கட்டிங் செய்பவர்களிடமே ஸ்டீல் தகட்டில் வெட்டி வாங்கலாம், ஓரம் சரியாக வருகிறதா என்று ஒரு மாதிரி வெட்டிப் பார்த்துவிட்டு. பெரிய புள்ளி போட்டால் எங்கோ இருக்கும் ஓர் ஊசித்துளை டிவைஸ் முழுவதையும் ஷார்ட் ஆக்கிவிடும்.

மெமரிஸ்டர் (மின்தடை மாறி, அந்த நிலையை நினைவில் வைக்கும் டிவைஸ்) செய்கிறவர்கள் கவனிக்க: வெள்ளி எலெக்ட்ரோட் போட்டால் வெள்ளி அயனியே ஃபிலிமுக்குள் நகர்ந்து இழை கட்டி, ஸ்விட்சிங் காட்டும். உங்கள் புதுப் பொருள் அதில் வெறும் பார்வையாளர். தங்கமோ பிளாட்டினமோ போட்ட டிவைஸையும் ஒப்பிட்டுக் காட்டாவிட்டால் நல்ல இதழில் தேறாது. முதல் ஸ்வீப்புக்கு (மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி அளப்பது) முன்பே கரண்ட் கம்ப்ளையன்ஸ் (மின்னோட்டத்துக்கு உச்சவரம்பு) வையுங்கள். வைக்காமல் ஓட்டினால் ஒரே ஸ்வீப்பில் டிவைஸ் போய்விடும்.

ஜிங்க் ஆக்சைடு போட்டோடிடெக்டர் என்றால், ஜன்னல் வெளிச்சம் பட்ட சாம்பிளின் கடத்துதிறன் இருட்டில் இறங்குவதற்கு மணிக்கணக்கில் ஆகும். முந்தின நாள் இரவே இருட்டுப் பெட்டியில் வைத்துவிட்டுக் காலையில் டார்க் கரண்ட் எடுங்கள். உங்கள் பொருள் இல்லாத வெறும் டிவைஸ் ஒன்றையும் எப்போதும் சேர்த்தே செய்யுங்கள். சாம்பியன் டிவைஸ் (இருப்பதில் மிகச் சிறந்தது) ஒன்றின் படத்தைப் போட்டுவிட்டுத் தப்பிக்கிற காலம் போய்விட்டது; இருபது, முப்பது புள்ளிகளை அளந்து பரவலைக் காட்டுங்கள். எத்தனை ஷார்ட் ஆயின என்பதையும் எழுதுங்கள்.

9. காலண்டர்

ஏப்ரலில் புது நிதியாண்டு தொடங்கும், ஆனால் பணம் கைக்கு வர ஜூன், ஜூலை ஆகும். இறக்குமதிப் பொருளுக்கு ஆர்டர் போனதிலிருந்து இரண்டு மூன்று மாதம் வையுங்கள். ரூபாயில் பில் போடும் இந்திய விநியோகஸ்தர் இருந்தால் கொஞ்சம் விலை கூடினாலும் அவரிடமே வாங்குங்கள், கஸ்டம்ஸ் தலைவலி அவருடையது. கொட்டேஷனுக்குக் காலாவதித் தேதி உண்டு. கமிட்டி கூடுவதற்குள் அது முடிந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. பிப்ரவரிக்குப் பிறகு பர்ச்சேஸ் பிரிவு புது ஃபைலைத் தொடாது; செலவழிக்காத பணம் மார்ச் 31-க்குப் பின் திரும்பிப் போகலாம். ஆகவே ஆர்டர்கள் செப்டம்பருக்குள் போய்விட வேண்டும்.

கருவி மையங்களில் ஆண்டுப் பராமரிப்புக்காகச் சில வாரம் மூடுவார்கள். எப்போது என்று கேட்டு நோட்டில் குறியுங்கள். எல்லோரும் தீசிஸ் சமர்ப்பிக்க ஓடிவரும் மாதங்களில் எக்ஸ்பிஎஸ் வரிசை அனுமார் வால். ஸ்லாட்டை முதலில் போட்டுவிட்டு, சாம்பிளை அந்தத் தேதிக்கு முந்தின வாரம் தயார் செய்வதுதான் நடைமுறையில் வேலை செய்கிறது. ஈரத்தில் கெடும் பொருளுக்கு வேறு வழியே இல்லை.

10. பெயரிடுதல், ஒப்புகை

சாம்பிள் பெயரில் தேதி, ரன் எண், துண்டு எண் மூன்றும் இருக்கட்டும். "புதுசு", "ஃபைனல் 2" என்ற பெயரில் வெளி மையத்துக்கு அனுப்பினால் அவர்கள் கோப்புக்கும் அதே பெயரைத்தான் வைப்பார்கள். எந்தக் கோப்பு எந்தத் துண்டு என்று ஒரு எக்செல் தாளில் அன்றன்றே ஏற்றுங்கள்.

ஐஎன்யுபியும் பல கருவி மையங்களும் கட்டுரையில் தங்களுக்கு ஒப்புகை வரி போட வேண்டும் என்று விதியாகவே வைத்திருக்கின்றன. என்ன வாசகம் என்பது படிவத்திலோ ஒப்புதல் மெயிலிலோ இருக்கும். அதை எழுத்து மாறாமல் எடுத்துக் கட்டுரை வரைவின் அடியில் முதல் நாளே ஒட்டிவிடுங்கள். கட்டுரை வெளியானதும் இணைப்பை அவர்களுக்கு அனுப்புங்கள். அடுத்த முன்மொழிவில் "முந்தைய பயன்பாட்டின் விளைவு" என்றொரு கட்டம் இருக்கும், அதில் நிரப்ப இது வேண்டும்.